வாயை மூடிக்கிட்டு வேடிக்கை பார்!

ஹாஸ்டல்ல லேன் கேபிள் இழுத்து, விடிய விடிய 'கவுண்டர்-ஸ்டிரைக்' ஆடின கதை உங்க காலேஜ்லயும் கண்டிப்பா இருக்கும். "டேய், பின்னாடி பாருடா!"னு பக்கத்து ரூம்ல கத்தின சத்தம் வார்டன் காதுல விழுந்து, மறுநாள் மெயின் ஸ்விட்ச்சே ஆஃப் ஆகியிருக்கும். ஆனா, அந்த கேம் ஒரு ஸ்டூடண்ட் படிச்சுக்கிட்டே செஞ்ச வேலைனு தெரியுமா பாஸ்? அதை வாங்கி உலகம் பூரா பரப்பின கம்பெனி, அமெரிக்காவோட 'வால்வ்'. இவங்க கேம் செய்யற விதத்தைத் தெரிஞ்சுக்கிட்டா, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டை நெனச்சு நடுங்கற நமக்கு ரொம்பவே பிரயோஜனம்!

கட்டினதை இடி!

1996. மைக்ரோசாஃப்ட்ல வேலை பார்த்த கேப் நியூவெல், மைக் ஹாரிங்டன்னு ரெண்டு பேர் அதை விட்டுட்டு வந்து, வாஷிங்டன் மாநிலத்துல கிர்க்லேண்ட்ங்கிற ஊர்ல வால்வை ஆரம்பிச்சாங்க. நியூவெல், ஹார்வர்டு படிப்பைப் பாதியில விட்டுட்டு மைக்ரோசாஃப்ட்டுக்கு ஓடினவர். சொந்தமா எல்லாத்தையும் எழுதிக்கிட்டு இருந்தா லேட்டாகும்னு, 'க்வேக்' கேமோட இன்ஜினை 'இட் சாஃப்ட்வேர்' கம்பெனிகிட்ட லைசென்ஸ் வாங்கிட்டாங்க. இன்ஜின்னா, திரையில உலகத்தை வரையறது, சுவர்ல மோதினா நிக்க வைக்கறது மாதிரி அடிப்படை வேலைகளைப் பாத்துக்கற ப்ரோக்ராம்.

முதல் கேம், 'ஹாஃப்-லைஃப்'. 1997 கடைசியில ரிலீஸ் பண்றதா ப்ளான். டைம் நெருங்கினப்போ மொத்தமா ஆடிப் பார்த்தாங்க. அங்கங்கே சூப்பர், சேர்த்துப் பார்த்தா சொதப்பல். இந்த இடத்துல நாம என்ன செய்வோம்? முன்னாடி ஒரு கலர்ஃபுல் ஸ்க்ரீன் ஒட்டி சப்மிட் பண்ணிடுவோம். அவங்க ரிலீஸைத் தள்ளிப் போட்டு, திரும்பவும் முதல்ல இருந்து ஆரம்பிச்சாங்க!

ஒரு சின்ன குரூப் தனியா உட்கார்ந்து, அதுவரைக்கும் செஞ்சதுல எதெல்லாம் ஜாலியா இருந்துச்சோ அதையெல்லாம் ஒரே ஒரு லெவல்ல கொட்டிச்சு. ஒரு மாசம் அதுக்கே போச்சு. எல்லாரும் அதைத் திரும்பத் திரும்ப ஆடி, 'இது ஏன் நல்லாயிருக்கு?'னு மண்டையைக் குடைஞ்சு மூணு விஷயம் கண்டுபிடிச்சாங்க.

ஒண்ணு... ஆடறவர் முன்னாடி நகர நகர, புதுசா ஏதாவது நடக்கணும். கடிகாரத்தைப் பார்த்து நடக்கக் கூடாது. ரெண்டு... கேமோட உலகம் ஆடறவரைக் கண்டுக்கணும். சுவர்ல சுட்டா தடம் விழணும், எதிர்ல வர்றவன் பேசணும். மூணு... தோத்துப் போனா, 'சே, நாமதான் கவனிக்கலை'னு தோணணும். எந்த ஆபத்துக்கும் முன்கூட்டியே ஒரு அறிகுறி காட்டிடணும்.

ஹீரோ கிடைக்கலை... குரூப் கிடைச்சது!

அடுத்து, எல்லாம் தெரிஞ்ச ஒரு டிசைனரைத் தேடினாங்க. நூத்துக்கணக்கான விண்ணப்பங்களைப் புரட்டியும் அப்படி ஒரு ஆசாமி சிக்கலை. சரின்னு ப்ரோக்ராமர், ஓவியர், எழுத்தாளர்னு கலந்துகட்டி ஒரு குழு போட்டாங்க. அதுக்குப் பேர் 'கபால்', அதாவது சதிகாரக் கும்பல்! வாரத்துக்கு நாலு நாள், தினம் ஆறு மணி நேரம், அஞ்சு மாசம் உட்கார்ந்து பேசியே கேமை வடிவமைச்சாங்க.

மெயின் மேட்டரே இனிமேதான். வெளியாளைக் கூட்டிட்டு வந்து ஆட விடுவாங்க. அந்த லெவலைச் செஞ்சவங்க பக்கத்துலயே உட்காரணும். ஆனா, வாயைத் திறக்கக் கூடாது! ஆடறவர் வழி தெரியாம இருபது நிமிஷம் சுத்தினாலும், 'அந்தக் கதவைத் திறங்க சார்'னு சொல்ல முடியாது. பேப்பர்ல குறிச்சுக்கிட்டு, பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கணும். ரெண்டு மணி நேரம் ஆடவிட்டா, சரிபண்ண வேண்டியது நூறு விஷயம் தேறும். இப்படி நடந்தது இருநூறு தடவைக்கு மேல!

1998 நவம்பர்ல 'ஹாஃப்-லைஃப்' வந்துச்சு. அந்த வருஷத்தோட சிறந்த கேம்னு 50-க்கும் மேற்பட்ட விருதுகளை அள்ளிச்சு.

வாங்க தம்பி... உக்காருங்க!

கேமோட கூடவே, அதை மாத்திக் கட்டற டூல்ஸையும் வால்வ் கொடுத்துச்சு. அதை வெச்சு ஆளாளுக்கு விளையாடினாங்க. இப்படி மாத்திச் செய்யறதுக்குப் பேர் 'மாட்'. கனடாவுல சைமன் ஃப்ரேசர் யுனிவர்சிட்டியில கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்ச மின் லே, நண்பர் ஜெஸ் கிளிஃப் கூடச் சேர்ந்து 1999-ல விட்ட மாட்தான் 'கவுண்டர்-ஸ்டிரைக்'. வால்வ் அதை வாங்கி, 2000 நவம்பர்ல கடைக்குக் கொண்டுவந்துச்சு.

அடுத்தது இன்னும் செம! டிஜிபென்ங்கிற காலேஜ்ல ஃபைனல் இயர் பசங்க 2005-ல 'நர்பாகுலர் டிராப்'னு ஒரு ப்ராஜெக்ட் செஞ்சாங்க. சுவர்ல ரெண்டு ஓட்டை போட்டு, ஒண்ணுல நுழைஞ்சா இன்னொண்ணுல வெளியே வரலாம். வால்வ் ஆட்கள் கண்ணுல அது பட, டீம் மொத்தத்தையும் ஆபீஸுக்கு வரச்சொன்னாங்க. டெமோ பார்த்த நியூவெல், அங்கேயே வேலைக்குக் கூப்பிட்டுட்டார்! அந்த ஐடியாதான் 2007-ல 'போர்ட்டல்' ஆச்சு.

அதுலயும் அதே மௌன வைத்தியம்தான். ஆடிப் பார்த்தவங்க, 'ட்ரெயினிங் நல்லாயிருக்கு. நிஜ கேம் எப்போ ஆரம்பிக்கும்?'னு கேட்டாங்க. அதுக்கப்புறம் சேர்ந்ததுதான் நக்கலடிச்சே உயிரை வாங்கற க்ளாடோஸ் கேரக்டரும், கதையும். ஒரு லெவல்ல பெட்டி ஒண்ணைக் கடைசி வரைக்கும் தூக்கிட்டுப் போகணும். எல்லாரும் அதை வழியிலேயே மறந்துட்டு வந்தாங்க. உடனே பெட்டி மேல ஒரு ஹார்ட் வரைஞ்சு, 'இது உன் துணை'ன்ற மாதிரி பேச வெச்சாங்க. அவ்வளவுதான், யாரும் விட்டுட்டு வரலை. அந்தப் பெட்டி இன்னிக்கு பொம்மையா விக்குது!

எல்லாமே சக்கரையா?

இல்லை மக்களே. 2012-ல வெளியான வால்வ் ஊழியர் கையேட்டைப் பார்த்தா ஆச்சர்யமா இருக்கும். பாஸ் கிடையாது, டேபிளுக்கு அடியில சக்கரம், பிடிச்ச ப்ராஜெக்ட்டுக்கு உருட்டிட்டுப் போயிடலாம். ஆனா, 'பாஸ் இல்லைனு பேருதான், மறைமுகமா அதிகாரம் இருக்கு'னு வெளியே வந்தவங்க சிலர் புலம்பியிருக்காங்க. திருப்தியாகிற வரைக்கும் வெளியிட மாட்டோம்ங்கிற பிடிவாதத்துக்கும் விலை உண்டு. 2007-ல வர்றதா சொன்ன 'ஹாஃப்-லைஃப் 2: எபிசோட் த்ரீ' வரவே இல்லை. ரசிகர்களுக்கு அடுத்த 'ஹாஃப்-லைஃப்' கிடைக்க 2020 ஆச்சு!

இப்போ நம்ம கதைக்கு வாங்க. நம்மகிட்ட ரிப்போர்ட் பைண்டிங் பளபளனு இருக்கும், அட்டையில தங்க எழுத்து இருக்கும். சில பேர் ப்ராஜெக்ட்டையே ரெடிமேடா வாங்கிட்டு வந்துடறாங்க. வைவாவுல பேசத் தெரிஞ்சா போதும், தப்பிச்சுடலாம். ஆனா, அதை யாராவது ஒருத்தர் தொட்டு, பட்டனை அமுக்கிப் பார்த்திருப்பாங்களா? டிஜிபென் பசங்க காட்டினது ஆடிப் பார்க்கற மாதிரி ஒரு பொருள். அதனாலதான் வேலை கிடைச்சது.

அடுத்த ரெவ்யூவுக்கு முன்னாடி இதைச் செஞ்சு பாருங்க. வேற டிபார்ட்மென்ட் ஃப்ரெண்ட் ஒருத்தரைப் பிடிங்க. ஒரு டீயும் சமோசாவும் வாங்கிக் கொடுத்து, உங்க ப்ராஜெக்ட் முன்னாடி உட்கார வைங்க. பதினைஞ்சே நிமிஷம், நீங்க பேசக் கூடாது. அவர் எங்கே முழிக்கறார், எதைத் தப்பா அமுக்கறார், எப்போ மொபைலைக் கையில எடுக்கறார்... எல்லாத்தையும் எழுதிக்கோங்க.

கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா, எக்ஸ்டர்னல் முன்னாடி முழிக்கறதைவிட, சமோசா செலவு கம்மிதானே பாஸ்!