வால்வு ரேடியோவுக்கு எந்தக் கம்பி?

வீட்டில் பழைய வால்வு ரேடியோ இருக்கிறதா? அதன் பின்பக்கத்தில் இரண்டு துளைகள் இருக்கும். ஒன்று ஏரியலுக்கு, மற்றது எர்த்துக்கு. பல செட்டுகளில் பனானா பிளக்கே பொருந்தும்.

டிவி கேபிள் மீதமிருக்கிறதே என்று அதைச் செருகிவிடாதீர்கள். அதன் நடுக்கம்பிக்கும் வெளிவலைக்கும் இடையே மீட்டருக்கு 50 முதல் 70 பிகோஃபாரட் வரை மின்தேக்கத் திறன் உண்டு. வலையை எர்த்தில் இணைத்தால், கேபிள் நீள நீள, மீடியம் வேவ் சிக்னல் செட்டை எட்டுமுன்பே கரைந்துவிடும்.

சாதாரணச் செம்புக் கம்பியே சிறந்தது. பத்துப் பதினைந்து மீட்டர் போதும். மொட்டை மாடியில் இரு கழிகளுக்கிடையே, இரு முனையிலும் பீங்கான் இன்சுலேட்டர் வைத்து இழுத்துக் கட்டுங்கள். மின்கம்பி போகும் பக்கமே வேண்டாம். அதிலிருந்து செட்டுக்கு இறக்கும் கம்பியை முறுக்கி மட்டும் விடாமல் ஈயப் பற்று வையுங்கள்; கடலோர ஊர்களில் மூட்டு சீக்கிரமே பச்சை பூத்து, சத்தம் கரகரக்கும்.

மிக முக்கியமாக, ‘ஏசி/டிசி’ என்று குறித்த செட்டுகளில் சேசிஸிலேயே, அதாவது உள்ளிருக்கும் உலோகச் சட்டத்திலேயே, மின்சாரம் பாயலாம். அவற்றில் எர்த் கம்பியை நேரடியாக இணைக்கவே கூடாது. விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள். மின்னல் ஆபத்தும் உண்டு; மழை மேகத்தால் வானம் கருக்கத் தொடங்கியதுமே ஏரியல் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.