இல்லவாசிகளும் ஆய்வாளரும்: லீ கோர்ட் அனுபவம்

பராமரிப்பு இல்லங்களிலே இளம் வயதினர் அடைபட்டு வாழ்வதனைத் தனிமனித அவலமாக மட்டும் நோக்குதல் போதாது. இங்கிலாந்தின் ஹம்ஷயரில் 1948இல் லெனாட் செஷயர் தொடக்கிய லீ கோர்ட் இல்லத்தின் வரலாறு இதனைத் தெளிவுறுத்தும்.

தசைநலிவு நோயுற்ற போல் ஹன்ற், முதியோர் மரணத்தை எதிர்நோக்கிக் கிடந்த மருத்துவமனை விடுதியிலிருந்து 1956இல், பத்தொன்பது வயதினராக, அங்கு வந்து சேர்ந்தார். உறங்கும் நேரத்தைக்கூட நிருவாகமே விதிக்க முயன்றபோது இல்லவாசிகள் எதிர்த்தனர்; தம் நிலையை ஆராயுமாறு 1962இல் ரவிஸ்ரொக் நிறுவகத்தாரை அணுகியவர்களும் அவர்களே. ஆயின் 1972இல் வெளிவந்த மில்லர், குவின் ஆகியோரின் ஆய்வோ, சமூக மரணத்துக்கும் உடல் மரணத்துக்கும் இடைப்பட்ட காலத்தைக் கடக்க உதவுவதே இத்தகைய இல்லங்களின் பணி என வரையறுத்தது. சமூகம் விதித்த தீர்ப்பொன்றை மாற்றவியலாத இயற்கை நியதியாக ஏற்றுக்கொண்ட இந்த 'நடுநிலைமை' யார் பக்கம் நின்றது என்பது வெளிப்படை. (இலக்கியத் திறனாய்விலும் இக்குரலை நாம் கேட்டதுண்டு.) சிக்கலின் ஊற்றை உடலிலே தேடியமையே அவ்வாய்வின் அடிப்படைத் தவறென ஹன்ற் வாதிட்டார்.

அதே ஆண்டில் 'கார்டியன்' நாளிதழுக்கு அவர் எழுதிய கடிதத்தின் வழியே உருவான சங்கம், உறுப்புக் குறைபாடு வேறு, ஊனமாக்கப்படுதல் வேறு. பின்னையது சமூகம் சுமத்தும் ஒடுக்குமுறை என 1976இல் வரையறுத்தது. அவ்வாண்டிலேயே நொற்றிங்ஹம்ஷயரின் குரோவ் வீதியில், உதவியுடன் சுயமாக வாழ்வதற்கான வீடுகளிலே கென், மகி டேவிஸ் தம்பதியினர் குடியேறினர்.