கோபக்கார நாயகர்களை வரைந்த கைகள் எவை, தெரியுமா?

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் மலை உண்டு, பெரியார் அருவி உண்டு, மேகம் அருவி உண்டு, கோமுகி அணை உண்டு. கடல் மட்டும் கிடையாது! 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானபோது, மரக்காணம் கடற்கரை விழுப்புரத்தோடே தங்கிவிட்டது. ஆனால் காமிக்ஸ் பிரியர்களுக்கு இதெல்லாம் ஒரு தடையா என்ன? கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே கடலடிக்குப் போய் வந்துவிடலாம். கூட்டிப்போக ஒருவன் இருக்கிறான். காதுகள் கூர்மை, புருவங்கள் சாய்வு, கணுக்காலில் இறக்கை, மூக்கு நுனியில் கோபம். அவன் பெயர் நமோர்!

அக்வாமேனுக்கே அண்ணன், தெரியுமா?

கடல் நாயகன் என்றதும் பலருக்கும் அக்வாமேன்தான் நினைவுக்கு வருவார். ஆனால் அவர் வந்தது 1941-இல்தான். நமோர் அதற்கு 2 ஆண்டுகள் முன்பே, 1939-இல் வந்துவிட்டான்! அதுவும் எந்தப் புத்தகத்தில்? இன்று உலகமே கொண்டாடும் மார்வெலின் முதல் இதழில்! அவனைப் படைத்த பில் எவரெட்டுக்கு அப்போது வயது 22 மட்டுமே. அந்த இதழின் ஒரு பிரதியில், எந்த ஓவியருக்கு எவ்வளவு கூலி என்று கைப்பட எழுதி வைத்திருந்தார்கள். அந்தக் கூலிக் கணக்குப் பிரதி 2022-இல் 24 லட்சம் டாலருக்கும் மேல் ஏலம் போனது!

முதல் கதையிலேயே வில்லத்தனம், தெரியுமா?

நமோரின் தாய் கடலடி மக்களின் இளவரசி. தந்தை அமெரிக்கக் கப்பல் கேப்டன். தந்தையின் இனம் தாயின் இனத்தை அழித்தது என்ற ஆத்திரத்தோடுதான் பையன் வளர்கிறான். முதல் கதையில், மூழ்கிய கப்பலைத் தேடிக் கடலில் இறங்கும் மூழ்காளர்களைப் பார்க்கிறான். உலோகக் கவசத்தில் இருப்பவர்களை எந்திர மனிதர்கள் என்று நினைத்துத் தாக்கியே விடுகிறான்! நாயகன் அறிமுகமாகும் காட்சியிலேயே அப்பாவிகளின் உயிர் போகிறது. 1941-இல் அவன் ஏவிவிட்ட பேரலை நியூயார்க் நகரத்தையே மூழ்கடித்தது. நல்லவனா, கெட்டவனா? இந்தக் கேள்விக்கு இன்றுவரை ரசிகர்கள் ஒரே பதிலைச் சொன்னதில்லை.

தண்ணீரை வரைய ரசாயனம், தெரியுமா?

எவரெட்டின் அந்த முதல் பக்கங்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கடலடிக் காட்சிகளில் மெல்லிய கோடுகள் திரைபோலப் படர்ந்திருக்கும். அது பேனாவால் இழுத்த கோடு அல்ல! கிராஃப்டின்ட் என்ற தனி வகைத் தாள் ஒன்று இருந்தது. பார்த்தால் வெறும் வெள்ளைத் தாள். ஒரு ரசாயனத்தைத் தூரிகையில் தொட்டுத் தடவினால் உள்ளே ஒளிந்திருக்கும் கோடுகள் மேலெழும்பும். இன்னொரு ரசாயனத்தைத் தடவினால் இன்னும் அடர்த்தியான கோடுகள் தோன்றும். எங்கே தடவுவது, எங்கே வெள்ளையாக விடுவது என்பதுதான் ஓவியரின் சாமர்த்தியம். வண்ணமே இல்லாமல், கலங்கிய கடலாழத்தைக் காகிதத்தில் கொண்டுவந்துவிட்டார் எவரெட்! கணுக்கால் இறக்கை எங்கிருந்து வந்தது? ரோமானியத் தூதுக் கடவுளான மெர்க்குரியின் புகழ்பெற்ற வெண்கலச் சிலையிலிருந்து!

நெருப்பும் நீரும் மோதிய கதை, தெரியுமா?

அதே முதல் இதழில் அறிமுகமான இன்னொரு நாயகன், கார்ல் பர்கோஸ் படைத்த ஹியூமன் டார்ச். உடலே தீப்பிழம்பு! 1940-இல் இருவரையும் மோதவிட்டார்கள். ஒருவர் கதைக்குள் மற்றவர் நுழையும் வழக்கமே காமிக்ஸில் அரிதாக இருந்த காலம் அது. இன்று திரையரங்குகளில் நாயகர்கள் கூட்டமாக வந்து இறங்குவதற்கெல்லாம் பிள்ளையார் சுழி அந்தச் சண்டைதான்! மறு ஆண்டு வந்த நீளமான மோதல் கதையை, ஓவியர்களும் எழுத்தாளர்களும் எவரெட்டின் வீட்டில் ஒன்றாக உட்கார்ந்து ஒரே வார இறுதியில் முடித்தார்கள் என்று காமிக்ஸ் உலகில் இன்றும் வியந்து சொல்வார்கள்.

பிச்சைக்காரனாகத் திரிந்த இளவரசன், தெரியுமா?

1950-களில் நமோர் காணாமல் போனான். 1962-இல் எழுத்தாளர் ஸ்டான் லீயும் ஓவியர் ஜாக் கிர்பியும் ஃபென்டாஸ்டிக் ஃபோர் 4-வது இதழில் அவனைத் திரும்பக் கொண்டுவந்த விதம் இருக்கிறதே, அபாரம்! நியூயார்க்கின் ஏழை விடுதி ஒன்றில், நினைவிழந்து, தாடி மண்டிக் கிடக்கிறான். ஃபென்டாஸ்டிக் ஃபோர் குழுவின் நெருப்பு நாயகன் ஜானி அந்தத் தாடியைத் தீயாலேயே மழிக்கிறான்! முகம் தெரிகிறது. கடலில் போட்டதும் நினைவு திரும்புகிறது, கூடவே பழைய கோபமும்! பிற்பாடு காமிக்ஸ் படைப்பாளி ஜான் பைர்ன் 1990-இல் அந்தக் கோபத்துக்கு ஒரு காரணமே கண்டுபிடித்தார். நீரிலோ நிலத்திலோ அதிக நேரம் தங்கினால் நமோரின் ரத்தத்தில் ஆக்சிஜன் சமநிலை குலைந்துவிடுமாம்!

சினிமாவுக்கு 83 ஆண்டுக் காத்திருப்பு, தெரியுமா?

1966-இல் தொலைக்காட்சிக் கார்ட்டூன் வந்தது. புதிதாக வரையவில்லை. காமிக்ஸ் படங்களையே எடுத்து, வாயையும் கையையும் மட்டும் அசையவிட்டார்கள்! ஓவியர்களின் கோடுகள் அப்படியே திரைக்கு வந்ததால் ரசிகர்களுக்கு அந்தத் தொடர்மேல் இன்றும் தனிப் பாசம். சினிமாவில் சதையும் ரத்தமுமாக நமோர் வந்தது 2022-இல், பிளாக் பேந்தர்: வகாண்டா ஃபாரெவர் படத்தில். தமிழிலும் பேசினான்! காமிக்ஸில் அவனுடைய நாடாக இருந்த அட்லாண்டிஸ் போய், மாயா நாகரிகத்தை ஒட்டிய தலோகான் என்ற கடலடி நாடு வந்தது. இறக்கைக் கணுக்கால் மட்டும் எவரெட் வரைந்த மாதிரியே நின்றது. கடல் அரசனாக நடித்த மெக்சிகோ நடிகர் தெனோச் வெர்த்தாவுக்கு, வாய்ப்பு வந்தபோது நீச்சலே தெரியாது! இந்தப் படத்துக்காகத்தான் கற்றுக்கொண்டார்.

நம்மூர் மாயாவியும் ஆரம்பத்தில் கெட்டவன்தான், தெரியுமா?

இந்தக் கோபக்காரனுக்குத் தமிழில் ஒரு பங்காளி உண்டு. இரும்புக்கை மாயாவி! 1962-இல் இங்கிலாந்தின் வேலியன்ட் வார இதழில் கென் பல்மர் எழுத்தில் பிறந்தவன். வலது கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொண்டவன். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும். இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும்! அந்தச் சக்தி கிடைத்ததும் முதலில் அவன் இறங்கியது குற்றத்தில்தான். நீதியின் பக்கம் வந்ததெல்லாம் பிறகே. வரைந்தவர் பார்சிலோனாக்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ. தம்பிமாரும் உடனிருந்து கைகொடுத்த குடும்பப் பட்டறை அவருடையது. ஆனால் வேலியன்ட் இதழில் அவர் பெயரே அச்சாகவில்லை! அன்றைய இங்கிலாந்து காமிக்ஸ்களில் ஓவியருக்குப் பெயர் போடும் பழக்கமே கிடையாது.

சிவகாசியில் சௌந்திரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழே இந்த மாயாவிதான். முல்லை தங்கராசன் ஆசிரியராக இருந்து தமிழ் பேசவைத்தார். பின்னாளில் லயன் காமிக்ஸில் வந்த குற்றச் சக்கரவர்த்தி ஸ்பைடரை நினைவிருக்கிறதா? அவனுடைய பல கதைகளை எழுதியவர் ஜெர்ரி சீகல். யார் அவர்? சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர்! இரும்புக்கை மாயாவி என்ற படத்தை எடுப்பது தன் கனவு என்று இயக்குநர் லோகேஷ் கனகராஜ் சொல்லியிருக்கிறார்.

1972-இன் அதிசயம், தெரியுமா?

எல்லாவற்றுக்கும் மேல் இதைக் கேளுங்கள். முத்து காமிக்ஸ் தொடங்கிய ஆண்டு 1972. அதே 1972-இல்தான் எவரெட் தன் நமோரிடம் திரும்பினார்! சப்-மரைனர் 50-வது இதழிலிருந்து கதையும் ஓவியமும் மீண்டும் அவர் கைக்கு வந்தன. இளமையில் படைத்த பாத்திரத்தை ஐம்பதைத் தாண்டிய வயதில் புதிதாகத் தொட்டார். நமோரிட்டா என்ற புது நாயகியையும் கொடுத்தார். 1973 பிப்ரவரியில் காலமானார். அங்கே தண்ணீரின் கோபக்காரன் தன் ஓவியருடன் கடைசி ஆட்டம் ஆடிய ஆண்டில், இங்கே மின்சாரத்தின் கோபக்காரன் தமிழில் கால் வைத்தான்!

நமோரையும் மாயாவியையும் உலகம் மறக்கவில்லை. எவரெட்டும் பிளாஸ்கோவும் எத்தனை பேருக்குத் தெரியும்? குறையுள்ள ஒரு மனிதனை நாம் நேசிக்கும்படி செய்தது அவர்களுடைய கோடுகள்தானே! சங்கராபுரத்திலோ சின்னசேலத்திலோ உங்கள் வீட்டுப் பரணில் பழைய முத்து காமிக்ஸ் கிடந்தால், எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தூசி தட்டி வீட்டுப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். கதையைச் சொல்லும்போதே வரைந்தவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். அச்சில் விட்டுப்போன அந்தப் பெயரை நாம்தான் வாயால் சேர்க்க வேண்டும்!