சீட்டை மறைக்கலாம், பேச்சை மறைக்கக் கூடாது

பிரிட்ஜ் மேசையில் ஒருவர் 'ஒன்று நோ ட்ரம்ப்' என்று ஏலத்தைத் தொடங்குகிறார். எதிரே உட்கார்ந்திருக்கும் அவருடைய கூட்டாளி 'இரண்டு டைமன்' என்கிறார். கூட்டாளியின் கையில் பேருக்குக்கூட நல்ல டைமன் சீட்டு இல்லாமல் இருக்கலாம். 'என்னிடம் ஐந்து ஆர்ட்டினாவது இருக்கிறது, நீ ஆர்ட்டின் கேள்' என்பதுதான் அவர் சொன்னதன் பொருள். உலகெங்கும் லட்சக்கணக்கானவர்கள் இப்படித்தான் ஆடுகிறார்கள். இதில் ஒளிவு மறைவு எதுவும் கிடையாது. ஏனென்றால், அந்த 'டைமன்' என்பது ஆர்ட்டினைக் குறிக்கிறது என்று இடமும் வலமும் இருக்கும் எதிரணிக்காரர்களும் தெரிந்துகொண்டாக வேண்டும் என்கிறது விதி.

நாலு பேர், இரண்டு ஜோடி, ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. ஒருவர் கைக்கு வரக்கூடிய சீட்டுச் சேர்க்கைகள் 63,500 கோடிக்கும் மேல். அதைக் கூட்டாளிக்கு உணர்த்த அனுமதிக்கப்பட்ட சொற்களோ வெறும் 38: ஏழு நிலைகளில் ஐந்து வகை ஏலம் என 35, அவற்றோடு பாஸ், டபுள், ரீடபுள். இத்தனை சிறிய அகராதியை வைத்துக்கொண்டு இத்தனை பெரிய விஷயத்தைப் பேச வேண்டியிருப்பதால், ஒவ்வொரு ஜோடியும் சொற்களுக்குத் தனக்கென்று பொருள் வைத்துக்கொள்கிறது. வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த அகராதியின் ஒரு பிரதி எதிரணியின் கையிலும் இருக்க வேண்டும்.

பிரதி என்பது இங்கே உவமை இல்லை. போட்டிக்கு வரும் ஒவ்வொரு ஜோடியும் தன் ஏல முறையை ஓர் அட்டையில் எழுதிக் கொண்டுவருகிறது. ஏலம் தொடங்கிவிட்டால் எதிரணியின் அட்டையைப் புரட்டிப் பார்க்கலாம். தன் அட்டையைத் தானே பார்க்கக் கூடாது! தன் மொழி தனக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும், எதிராளிக்கு அது நினைவிருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது என்பதுதான் காரணம். வழக்கத்துக்கு மாறான ஏலம் வந்தால் கூட்டாளி உடனே 'அலர்ட்' என்று எச்சரிக்க வேண்டும். எதிராளி கேட்டால் விளக்க வேண்டும். ஏலம் கேட்டவர் தன் ஏலத்தைத் தானே விளக்குவதில்லை, கூட்டாளிதான் விளக்குவார். இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

எதை எல்லாம் சொல்ல வேண்டும்? எழுதி வைத்துக்கொண்ட ஒப்பந்தம் மட்டும் போதாது. இருபது வருடமாகச் சேர்ந்து ஆடும் கணவன் மனைவியை எடுத்துக்கொள்வோம். சீட்டு கொஞ்சம் மட்டமாக இருந்தாலும் அவர் துணிந்து கேட்டுவிடுவார் என்பது மனைவிக்கு அனுபவத்தில் தெரியும். இருவரும் இதைப் பற்றி ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. ஆனாலும் அது ஒப்பந்தமாகவே கருதப்படும், எதிரணிக்குச் சொல்லியாக வேண்டும்.

இவ்வளவு கறாரான ஆட்டத்தில் பொய் சொல்லவும் இடம் இருக்கிறது. கையில் ஒன்றுமே இல்லாமல் பெரிய கை இருப்பதுபோல ஒருவர் ஏலம் கேட்கலாம். தன் ஒப்பந்தத்தையே மீறி மேசையையே ஏமாற்றலாம். நிபந்தனை ஒன்றுதான்: எதிரணி ஏமாறும் அளவுக்குக் கூட்டாளியும் ஏமாற வேண்டும். யாழ்ப்பாணத்தில் 304 ஆடிப் பழகியவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். அங்கே துருப்புச் சீட்டைக் கவிழ்த்து வைத்து ஆடும்போது, அது என்னவென்று வைத்தவருக்கு மட்டும்தான் தெரியும், கூட்டாளிக்கும் தெரியாது. கூட்டாளிக்கும் தெரியாத ரகசியம் நியாயமானது. கூட்டாளிக்கு மட்டும் தெரிந்த ரகசியம் அழுகுணி ஆட்டம்.

அழுகுணி ஆட்டத்துக்கும் பிரிட்ஜில் பஞ்சமில்லை. 1965-ல் புவனோஸ் அயர்ஸில் நடந்த உலகப் போட்டியில், பிரிட்டனின் டெரன்ஸ் ரீஸும் போரிஸ் ஷப்பிரோவும் சீட்டைப் பிடிக்கும் விரல்களின் எண்ணிக்கையால் கையிலிருக்கும் ஆர்ட்டினைத் தெரிவித்துக்கொண்டார்கள் என்று குற்றம் சாட்டப்பட்டது. உலக பிரிட்ஜ் கூட்டமைப்பு குற்றவாளிகள் என்றது. பிரிட்டனில் நடந்த விசாரணை குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்றது. இன்றுவரை வாதம் ஓயவில்லை. 1975-ல் பெர்முடாவில் நடந்த உலகப் போட்டியில் மேசைக்குக் குறுக்கே திரை வந்தது. கூட்டாளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. திரையின் ஒரே பக்கத்தில் இருப்பவர் எதிராளி. அதே போட்டியில் இத்தாலிய ஜோடி ஒன்று மேசைக்கு அடியில் காலால் தட்டிக்கொண்டதாகப் புகார் எழுந்தது. திரை கால் வரைக்கும் இறங்கவில்லை! போட்டி நடத்தியவர்கள் மேசைகளுக்கு அடியில் தடுப்பு வைத்தார்கள்.

இந்தக் கதையில் சென்னைக்கும் இடம் உண்டு. 2015 செப்டம்பர் இறுதியில் உலக அணிகள் சாம்பியன்ஷிப் சென்னையில் தொடங்கியது. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் நார்வே வீரர் போயே ப்ரோகெலாண்ட், உலகின் முன்னணி ஜோடிகள் சில சாடை காட்டி ஆடுகின்றன என்று பகிரங்கமாகச் சொன்னார். பழைய ஆட்டங்களின் வீடியோக்களைப் பலரும் உட்கார்ந்து அலசினார்கள். ஓர் இஸ்ரேலிய ஜோடி, சீட்டுப் பலகையைத் தட்டில் எந்த இடத்தில் வைக்கிறது என்பதன் மூலம் எந்த இனத்தை ஆட வேண்டும் என்று சொல்லிக்கொண்டதாகக் குற்றச்சாட்டு வந்தது. மொனாக்கோவுக்கு ஆடிய இத்தாலிய ஜோடி, சீட்டை நெடுக்காக வைப்பதற்கும் குறுக்காக வைப்பதற்கும் பொருள் வைத்திருப்பதாக நெதர்லாந்தைச் சேர்ந்த ஓர் இயற்பியலாளர் கண்டார். இஸ்ரேல், மொனாக்கோ, ஜெர்மனி அணிகள் சென்னைக்கு வரவில்லை. போலந்தின் ஒரு ஜோடிக்கு அழைப்பு திரும்பப் பெறப்பட்டது. அந்த அணியின் மீதி நாலு பேர் மட்டும் ஆடி, இறுதியில் ஸ்வீடனை வென்று சாம்பியன்ஷிப்பின் பெர்முடா கோப்பையைத் தூக்கினார்கள். மொனாக்கோ ஜோடிக்கு ஐரோப்பியக் கூட்டமைப்பு விதித்த ஐந்தாண்டுத் தடையை, ஆதாரம் போதாது என்று சொல்லி 2018-ல் சுவிட்சர்லாந்தில் இயங்கும் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் நீக்கிவிட்டது.

அதே 2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும் இந்தியாவுக்கு ஆண்கள் ஜோடித் தங்கம் வாங்கித் தந்தபோதுதான், இப்படி ஓர் ஆட்டம் இருப்பதையே நம் பத்திரிகைகள் பல கவனித்தன.

திருடர்களைப் பிடிப்பது பரபரப்பான வேலை. ஆனால் நடுவர்களை அதிகம் படுத்துவது நல்லவர்களின் தவறுதான். முன்பு சொன்ன சிக்கல் இங்கேதான் வருகிறது. திரை இல்லாத மேசையில், 'இந்த ஏலத்துக்கு என்ன பொருள்' என்று எதிராளி கேட்கிறார். கூட்டாளி தவறாக விளக்கிவிடுகிறார். ஏலம் கேட்டவருக்கு அது தவறு என்று தெரியும். திருத்தலாமா? கூடாது. ஏலம் முடியும்வரை வாய் திறக்கக் கூடாது, முகம்கூடச் சுளிக்கக் கூடாது. திருத்தினால் அது கூட்டாளியை விழிக்கவைக்கும் சாடை ஆகிவிடும். கூட்டாளியின் விளக்கம் காதிலேயே விழாததுபோலத்தான் அடுத்த ஏலத்தைக் கேட்க வேண்டும். அவருடைய அணி ஏலத்தை வென்றிருந்தால், முதல் சீட்டு இறங்கும் முன் நடுவரை அழைத்து உண்மையைச் சொல்ல வேண்டும். தடுத்தாடும் அணியாக இருந்தால் ஆட்டம் முடியும்வரை காத்திருக்க வேண்டும். நேர்மையாக இருக்க வாயை மூடிக்கொள்ள வேண்டியிருப்பது விசித்திரம்தான். ஆனால் மாற்று வழி இதைவிட மோசம்.

இணையத்தில் ஆடும்போது இந்த முடிச்சு தானே அவிழ்ந்துவிடுகிறது. அங்கே ஏலம் கேட்டவரே பொருளைத் தட்டச்சு செய்கிறார். அது எதிரணியின் திரையில் மட்டும் தெரியும், கூட்டாளிக்குத் தெரியாது. நூறாண்டு பழைய ஆட்டத்துக்குக் கணினி செய்த பெரிய உபகாரம் இது. திரை போட்ட மேசையிலும், ஒரே பக்கம் இருக்கும் எதிராளிக்குத் தாளில் எழுதிக் காட்டுவதால் சிக்கல் பெருமளவு குறைகிறது.

இத்தனைக்கும் பிறகு ஓர் எல்லை இருக்கிறது. எதிரணிக்குத் தெரிய வேண்டியது ஒப்பந்தம் மட்டுமே, கையில் உள்ள சீட்டு அல்ல. விளக்கம் சரியாக இருந்து, ஏலம் கேட்டவர் தன் முறையை மறந்து வேறு எதையோ கேட்டிருந்தால், எதிரணி ஏமாந்தாலும் நிவாரணம் கிடையாது. விளக்கம் தவறு, அதனால் எதிரணிக்கு நஷ்டம் என்றால் நடுவர் மதிப்பெண்ணை மாற்றுவார். தவறு ஏலத்திலா, விளக்கத்திலா என்று தீர்மானிக்க ஆதாரம் இல்லையென்றால் என்ன செய்வது? அதற்கும் சட்டப் புத்தகத்தில் விடை இருக்கிறது: விளக்கம்தான் தவறு என்று நடுவர் எடுத்துக்கொள்ள வேண்டும்.