கேட்டுப் படிப்போருக்கும் நூலகம் வேண்டும்

1931ஆம் ஆண்டு மன்னார்குடியை அடுத்த மேலவாசலிலிருந்து ஒரு மாட்டு வண்டி புறப்பட்டது. நெல் மூட்டைகளுக்குப் பதிலாக அதில் நூல்கள் இருந்தன. எஸ்.வி. கனகசபை பிள்ளை தொடங்கிய அந்த நடமாடும் நூலகம் சுற்றியிருந்த கிராமங்களுக்குச் சென்று நூல்களை வழங்கியது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், நூலகத்துக்கான ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். வாசகர் எவராயினும் அவருக்கு உரிய நூல் அவரைச் சென்றடைய வேண்டும் என்பது அவற்றுள் ஒன்றின் கருத்து.

வாசகரால் வர இயலாவிட்டால் நூலகம் அவரிடம் செல்ல வேண்டும் என்ற எண்ணம் காவிரிப் படுகைக்குப் புதிதன்று. ஆனால், நூலகத்தின் வாசல்வரை வந்தும் அச்செழுத்தைக் காண இயலாத வாசகரைப் பற்றி நாம் போதிய அளவு சிந்திக்கவில்லை.

தஞ்சை வட்டாரக் கல்லூரி ஒன்றில் நான் பொருளியல் கற்பித்த காலத்தில், தொண்ணூறுகளில், பார்வையற்ற மாணவர் ஒருவர் என் வகுப்பில் இருந்தார். பாடத்தை ஒலிநாடாவில் பதிவு செய்துகொள்வார். பாடநூலை விடுதி நண்பர் படித்துக்காட்ட வேண்டும். நண்பருக்குத் தேர்வு நெருங்கினால் இவருடைய படிப்பு நின்றுவிடும். தேவைக் கோட்டையும் அளிப்புக் கோட்டையும் அவருடைய உள்ளங்கையில் விரலால் வரைந்து விளக்கியிருக்கிறேன். கல்லூரி நூலகத்தில் அவர் தாமாகப் படிக்கக்கூடிய நூல் ஒன்றுகூட இருந்ததில்லை.

இன்று அந்த நிலை மாறியிருக்க வேண்டும். கணினித் திரையில் உள்ள எழுத்தை உரக்கப் படித்துக்காட்டும் ‘திரை வாசிப்பான்’ என்னும் மென்பொருள் நெடுங்காலமாகவே உண்டு. ‘ஜாஸ்’ போன்றவற்றை விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த, பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006-இல் ‘என்விடிஏ’ என்ற திரை வாசிப்பானை உருவாக்கத் தொடங்கினார். பின்னர் ஜேம்ஸ் டே அவருடன் இணைந்தார். அதை எவரும் இலவசமாகத் தரவிறக்கிக்கொள்ளலாம். தமிழையும் அது படிக்கும். குரல் சற்று இயந்திரத்தனமானதுதான். முதன்முறை கேட்பவருக்கு எரிச்சல்கூட வரலாம். பழகிய செவிகளோ, நாம் கண்ணால் படிப்பதைவிட வேகமாக அதைக் கேட்டுச் செல்கின்றன. சுட்டி தேவையில்லை, விசைப்பலகை ஒன்றே போதும்.

ஆக, மென்பொருளுக்குச் செலவில்லை. ஒரு கணினி, ஒரு ஸ்கேனர், ஒரு ஹெட்போன் ஆகியவற்றைப் பொது இடத்தில் வைத்தால் பலர் முறைவைத்துப் பயன்படுத்தலாம். ஒருமுறை செய்யும் செலவு பலருக்குப் பகிரப்படும்போது தலைக்கு ஆகும் செலவு குறைந்துகொண்டே போகும் என்பது பொருளியலின் முதலாண்டுப் பாடம். அப்படியானால் தடை எங்கே இருக்கிறது?

முதல் தடை தமிழ் எழுத்துருவில் இருக்கிறது. திரை வாசிப்பான் எழுத்தின் வடிவத்தைப் பார்ப்பதில்லை. அதற்குப் பின்னால் கணினி பதிந்து வைத்துள்ள எண்ணைத்தான் படிக்கிறது. ஒருங்குறியில் தமிழுக்கென்று தனி எண்கள் உண்டு. பழைய எழுத்துருக்களிலோ ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின்மீது தமிழ் வடிவங்கள் ஒட்டப்பட்டிருக்கும். ‘பாமினி’ எழுத்துருவில் ‘அம்மா’ என்று அடித்தால், கணினிக்குள் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். கண்ணுள்ளவருக்கு அது ‘அம்மா’. திரை வாசிப்பானின் துணையுடன் படிப்பவருக்கு அது வெறும் ஆங்கில எழுத்துகளின் உளறல்.

2010-இல் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடைபெற்ற வேளையில் தமிழக அரசு ஒருங்குறியை அதிகாரபூர்வக் குறியீட்டுத் தரங்களுள் ஒன்றாக ஏற்றது. அதன் பின்னரும் பழைய எழுத்துருவில் தட்டச்சான சுற்றறிக்கைகளும் அறிவிப்புகளும் வந்துகொண்டுதான் இருந்தன. தாளில் அச்சிட்டு, முத்திரையிட்டு, மீண்டும் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றும் பழக்கம் அதைவிடக் கேடானது. அது எழுத்தே அன்று, படம். ஒருங்குறியில் தட்டச்சாகி வெளிவந்த ஆணையைப் பார்வையற்றவர் அந்த நொடியே படித்துவிடலாம். அதே ஆணையின் படம் அவருக்கு வெற்றுத்தாள். இதைத் திருத்த நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை.

நூல்களிலும் இதே வேறுபாட்டைக் காணலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் அரிய நூல்களைக் காத்துத் தந்துள்ள பெரும்பணி. ஆயினும் அங்குள்ளவை பெரும்பாலும் பக்கங்களின் படங்களே. 1998-இல் தொடங்கிய ‘மதுரைத் திட்டம்’ தன்னார்வலர்களின் உழைப்பால் இலக்கியங்களை எழுத்தாகவே தட்டச்சு செய்து வைத்தது. பார்வையற்றோரை முன்னிறுத்தித் தொடங்கப்படாத அந்த முயற்சி, சங்க இலக்கியத்தை அவர்களுடைய செவிக்குக் கொண்டு சேர்த்தது. படத்திலுள்ள எழுத்தை உணர்ந்து எழுத்தாக மாற்றும் மென்பொருள்கள் இப்போது தமிழுக்கும் உள்ளன. பதிப்புரிமையும் தடையாக இல்லை. மாற்றுத்திறனாளிகள் படிக்கும் வடிவில் நூலை மாற்றிக்கொள்ள 2012-இல் செய்யப்பட்ட பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் இடமளிக்கிறது. இதே நோக்கம் கொண்ட மராகேஷ் உடன்படிக்கைக்கு 2014-இல் உலகிலேயே முதல் நாடாக ஏற்புறுதி அளித்தது இந்தியாதான்.

சட்டத்திலும் குறைவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தகவல்களை அணுகத்தக்க வடிவில் தருவதை அரசின் கடமையாக்கியது. அணுகல்தன்மைக்கான விதி கட்டாயமாக இல்லாமல் வெறும் பரிந்துரையாக நிற்பதை 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்சநீதிமன்றம் கண்டித்தது. 2025 ஏப்ரலில் வந்த மற்றொரு தீர்ப்பு, எண்மச் சேவைகளை அணுகும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவோடு இணைத்தது.

இரண்டாவது தடை தொலைவு. சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் மாற்றுத்திறனாளிகளுக்கெனத் தனிப் பிரிவுகள் உள்ளன. திருச்சியிலும் பெரிய நூலகம் அமையும் என 2024-இல் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்டது. மகிழ்ச்சிதான். ஆனால், ஒரத்தநாட்டிலோ திருத்துறைப்பூண்டியிலோ இருப்பவருக்கு இவை தினமும் போய்வரும் இடங்கள் அல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் மாற்றுத்திறனாளிகள் 11,79,963 பேர். அவர்களுள் பார்வைக் குறையுடையோர் 1,27,405 பேர். இவர்கள் எல்லாரும் பெருநகரங்களில் வசிப்பவர்கள் அல்லர்.

கைப்பேசியே படித்துக்காட்டும்போது நூலகக் கணினி எதற்கு என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. இளைஞர்கள் பலர் கைப்பேசியிலேயே செய்தியும் கதையும் கேட்கிறார்கள். ஆனால், விண்ணப்பம் எழுதவும், கணக்குப் பட்டியல் தயாரிக்கவும், போட்டித் தேர்வுக்குக் குறிப்பெடுக்கவும் கணினி வேண்டும். அரசுப் பணிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. பணியில் சேர்ந்தபின் மேசைமீது இருக்கப்போவது கணினிதான். தவிர, பல வீடுகளில் நல்ல கைப்பேசி வேறொருவருடையது. அந்த வீட்டில் பார்வையற்றவர் ஒரு பெண்ணாக இருந்தால், அவருடைய முறை கடைசியில்தான் வரும்.

டெல்டாவின் அன்றாடமும் இதில் அடங்கும். நிலம் வைத்திருக்கும் பார்வையற்ற விவசாயிகளும் இருக்கிறார்கள். பட்டா நகலும் நெல் கொள்முதல் நிலையத்துக்கான முன்பதிவும் இணையத்துக்கு வந்துவிட்டன. படத்தில் நெளியும் எழுத்துகளை அடிக்கச் சொல்லும் பக்கத்தில் திரை வாசிப்பான் வாயடைத்துப் போகும். பிறகு அவர் கடவுச்சொல்லை இன்னொருவரிடம் ஒப்படைக்க வேண்டியதுதான்.

பயன் பார்வையற்றோருக்கு மட்டுமன்று. எழுத்தைப் பெரிதாக்கும் வசதி விண்டோஸ் கணினியிலேயே உள்ளது. கண்புரைக்குக் கத்தி வைக்கும்வரை இரண்டாண்டுகள் நானும் அதை நம்பித்தான் படித்தேன். கைகளை எளிதில் அசைக்க இயலாதவர்களுக்குத் திரை விசைப்பலகை இருக்கிறது.

மூன்றாவது தடையே பெரியது. கற்றுத்தர ஆள் வேண்டும். கணினியை வாங்கி, படமெடுத்து, உறைபோட்டு மூடிவைப்பது நம் அலுவலகங்களுக்குக் கைவந்த கலை. ஊர்ப்புற நூலகரின் ஊதியத்தையும் வேலைச்சுமையையும் அறிந்தவர்கள் இதையும் அவர் தலையில் ஏற்றமாட்டார்கள். பட்டம் பெற்று வேலை தேடும் பார்வையற்ற இளைஞர்களையே பயிற்றுநர்களாக அமர்த்தலாம். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை, பட்டுக்கோட்டை என ஐந்து ஊர்களில் வாரம் இரண்டு நாள் என்று தொடங்கினால் போதும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளுக்குக் கட்டணமில்லை. வந்து செல்வது கைக்கு எட்டும்.

பணம் எங்கே என்ற கேள்விக்கும் விடை இருக்கிறது. விடுதலைக்குப் பின் நாட்டிலேயே முதன்முதலாக 1948-இல் இயற்றப்பட்ட நம் பொது நூலகச் சட்டம், சொத்து வரியோடு நூலக வரியையும் வசூலிக்க வழிசெய்தது. இன்று அது ரூபாய்க்குப் பத்துக் காசு. பார்வையற்றவர் வாழும் வீடும் அதைச் செலுத்துகிறது. அதற்கு விலக்கு ஏதும் இல்லை. அந்த வருவாய் நூலக ஆணைக்குழுவுக்கு முறையாகச் சேர்ந்தால், ஐந்து கணினிகளும் ஐந்து பயிற்றுநர்களும் அதற்குப் பெரும் சுமையாக மாட்டா.

அந்தப் பழைய மாணவருடன் அண்மையில் பேசினேன். அவர் இப்போது பள்ளி ஆசிரியர். வினாத்தாளைத் தாமே கணினியில் தயாரிக்கிறார். சனிக்கிழமைகளில் கற்றுத்தர வருவதாகவும், வீடு கும்பகோணத்தில் இருப்பதால் அங்கேயே இடம் அமைந்தால் வசதி என்றும் சொன்னார்.