துவக்கின் முனையில் யார்? பழைய செப்புத்தகட்டு ஓவியங்களில் ஆயுதங்கள்

புகைப்படக் கருவி வருவதற்கு முன்னர், ஐரோப்பாவில் போர்க்களத்துக்கு வெளியே இருந்தவர்கள் போரைப் பார்த்தது பெரும்பாலும் செப்புத்தகட்டு ஓவியங்கள் வழியாகத்தான். தகட்டில் கூரிய கருவியால் கோடுகளைச் செதுக்குவார்கள், அல்லது அமிலத்தால் அரிக்கச் செய்வார்கள். அந்தப் பள்ளங்களில் மை பூசி, தாளில் அழுத்தி எடுத்தால் ஒரே தகட்டிலிருந்து பல பிரதிகள் கிடைக்கும். அச்சில் இடம் வலமாக மாறிவிடும் என்பதால், வாளை வலக்கையில் காட்ட விரும்பும் ஓவியர் தகட்டில் அதை இடக்கையில் வரைய வேண்டும்.

பழைய ஆயுதங்களைப் பற்றி அறிய ஆய்வாளர்கள் இன்றும் இந்த ஓவியங்களை நாடுகிறார்கள். ஆனால் அவை ஆயுதத்தோடு சேர்த்து இன்னொன்றையும் காட்டுகின்றன: அதை வரையச் சொன்னவர் யார், வரைந்தவர் யாருடைய பக்கத்தில் நின்றார் என்பதை.

எதிரி இல்லாத படங்கள்

1607 இல் ஹேக் நகரில் யாக்கோப் டி கெய்ன் என்ற ஓவியரின் படைப்பயிற்சி நூல் வெளியானது. அதில் 117 படங்கள். பாரமான துவக்கு, இலகுவான துவக்கு, நீள ஈட்டி ஆகிய மூன்றையும் கையாளும் முறை படிப்படியாக வரையப்பட்டுள்ளது. அக்காலத் துவக்கைப் புகையும் திரியால்தான் பற்றவைக்க வேண்டும். வெடிமருந்தைக் குழாயில் இட்டு, ஈயக் குண்டைப் போட்டு, கோலால் இடித்து, திரியை ஊதிக் கனலவைத்து, பிறகே சுடலாம். பாரமான துவக்கைத் தாங்க ஒரு கவைக்கோலும் வேண்டும்.

ஒவ்வொரு படத்திலும் ஒரு சிப்பாய் மட்டுமே நிற்கிறான். அழகான உடை, நிதானமான முகம். எதிரி இல்லை, காயம் இல்லை. குண்டு போய்ச் சேரும் இடமும் படத்தில் இல்லை. நசாவ் பிரபுக்களின் படைக்காக உருவான நூல் அது. அவர்களுக்குத் தேவையானது அவ்வளவுதான்.

கம்பத்தில் கட்டப்பட்டவன்

1633 இல் ஜாக் கலோ 18 சிறிய ஓவியங்களைக் கொண்ட ஒரு தொடரை வெளியிட்டார். ஒவ்வொன்றும் ஒரு சாணுக்கும் குறைவான அகலம். கலோவின் சொந்த ஊரான நான்சியைப் பிரெஞ்சுப் படை கைப்பற்றியதும் அதே ஆண்டில்தான். தொடர் படைக்கு ஆள் சேர்ப்பதில் தொடங்குகிறது. பின்னர் சிப்பாய்கள் பண்ணை வீடொன்றைக் கொள்ளையிடுகிறார்கள். அங்கே ஒருவர் நெருப்பின் மேல் தலைகீழாகத் தொங்கவிடப்பட்டிருக்கிறார். குற்றம் செய்த சிப்பாய்களுக்கும் தண்டனை வருகிறது. டி கெய்ன் வெறும் வெளியை நோக்கிக் காட்டிய துவக்கு, இங்கே கம்பத்தில் கட்டப்பட்ட மனிதனை நோக்கி நீள்கிறது. ஊனமடைந்த சிப்பாய்கள் ஊன்றுகோலோடு வருகிறார்கள். கிராமத்தவர்கள் பழிவாங்குகிறார்கள். கடைசி ஓவியத்தில் அரசர் அரியணையில் இருந்து வெகுமதி வழங்குகிறார். அவர் மேல் ஒரு கீறலும் இல்லை.

முனை மட்டும்

1808 இல் நெப்போலியனின் படை ஸ்பெயினை ஆக்கிரமித்தது. பிரான்சிஸ்கோ கோயா 1810 அளவில் தன் போர் ஓவியங்களைத் தொடங்கினார். 26 ஆவது ஓவியத்தின் தலைப்பு ‘பார்க்க முடியாது’ என்ற பொருள் கொண்டது. ஆண்களும் பெண்களும் மண்டியிட்டுக் கிடக்கிறார்கள். சுடுபவர்கள் படத்தில் இல்லை. துவக்குகளின் முனையில் பூட்டிய கத்திகள் மட்டும் வலது ஓரத்திலிருந்து உள்ளே நீட்டிக்கொண்டிருக்கின்றன.

44 ஆவது ஓவியத்தில் ஆயுதமே இல்லை. ஊரை விட்டு ஓடும் மக்கள், அவர்களிடையே பிள்ளைகளோடு ஒரு தாய். ‘நான் இதைக் கண்டேன்’ என்பது தலைப்பு. இந்தத் தொடர் 1863 இல்தான் வெளியானது. கோயா இறந்து அப்போது 35 ஆண்டுகள் கடந்திருந்தன.

எங்கள் கரையில்

1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். ஒல்லாந்தப் படையோடு வந்த மதகுரு பிலிப்பஸ் பல்தேயஸ் எழுதிய நூல் 1672 இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. இலங்கையின் கோட்டைகளையும் நகரங்களையும் காட்டும் செப்புத்தகட்டு ஓவியங்கள் அதில் உள்ளன. வடபகுதியின் வரலாற்றை எழுதுவோர் இன்றும் அந்த நூலைப் பயன்படுத்துகிறார்கள். அதை விலக்க வேண்டியதில்லை. ஆனால் அது வென்றவர்களோடு வந்தவரின் பார்வை என்பதை மனதில் வைத்தே பார்க்க வேண்டும்.

கைப்பற்றிய ஆயுதங்களை வரிசையாக அடுக்கி எடுக்கும் செய்திப் படங்கள் இன்றும் வருகின்றன. துடைத்து, இலக்கமிட்டு, ஆளில்லாமல் இருக்கும் அந்தப் படங்கள் டி கெய்னின் மரபைச் சேர்ந்தவை. அவை எந்த ரகம், எத்தனை என்று சொல்லும். யாரை நோக்கிச் சுடப்பட்டன என்பதைச் சொல்லாது. அந்தக் கேள்வியை நாங்கள்தான் கேட்க வேண்டும்.