நாங்கள் எடுத்த பேய்ப் படம்!

"அம்மா, நீங்க நாலு பேரும் சேர்ந்து ஒரு பேய்ப் படம் எடுங்களேன்!"

கல்லூரியில் படிக்கும் என் மகள் இப்படிச் சொன்னதும், நறுக்கிக்கொண்டிருந்த வெண்டைக்காயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். திருச்சியில் எங்கள் காலனியில் பொங்கலுக்குக் கலை நிகழ்ச்சி உண்டு. வருஷா வருஷம் கோலப் போட்டி, கும்மி, மியூசிகல் சேர். "இதையே எத்தனை தடவை செய்வீங்க?" என்பது அவள் கேள்வி.

பிளஸ் டூவோடு படிப்பை முடித்தவள் நான். காமிரா முன்னால் நின்றது என் கல்யாணத்தன்றுதான்! ஆனால் அவள் விடவில்லை. ஸாம் ரெய்மி என்பவர் 1978-ல், கல்லூரி வயதிலேயே, சிநேகிதர்களைச் சேர்த்துக்கொண்டு சின்னக் காமிராவில் ஒரு குட்டிப் பேய்ப் படம் எடுத்தாராம். செலவு சுமார் 1,600 டாலர். அதைப் போட்டுக் காட்டித்தான் 1981-ல் வந்த 'தி ஈவில் டெட்' படத்துக்குப் பணம் திரட்டினாராம். ஓரன் பெலி என்பவரோ, 'பாராநார்மல் ஆக்டிவிட்டி' படத்தைத் தம் சொந்த வீட்டிலேயே ஏழு நாளில் எடுத்து முடித்தாராம்.

"நமக்கு வாடகை வீடுதானேடி" என்றேன்.

"வாடகை வீட்டுக்குப் பேய் வராதா?" என்றாள். அதோடு நான் சரி!

எதிர்வீட்டு டீச்சரம்மா கதை எழுதினார். ராத்திரியில் ஊஞ்சல் தானாக ஆடுகிறது. போய்ப் பார்த்தால் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். அவ்வளவுதான், ஏழு நிமிஷப் படம். மாடி வீட்டு அக்கா மாமியார். நான் பயந்து நடுங்கும் மருமகள். பக்கத்து வீட்டுத் தங்கைக்கு முழங்கால் வரை கூந்தல். "நீதான்டி பேய்!" என்று அவளை வற்புறுத்திச் சம்மதிக்க வைத்தவள் நான்தான். மகள் செல்போனில் படம் பிடித்தாள்.

மொத்தச் செலவு 640 ரூபாய். அதில் பாதி போண்டாவுக்கும் காபிக்கும்!

இந்தச் சாக்கில் சில விஷயங்கள் கற்றுக்கொண்டோம். ரத்தத்துக்கு முதலில் பீட்ரூட் சாறு எடுத்தோம். புடவையில் பட்டதும் ரோஜா சர்பத் கொட்டினாற்போல் ஆகிவிட்டது. பிறகு கெட்டியான சர்க்கரைப் பாகில் சிவப்பு உணவு வர்ணமும் ஒரு சிட்டிகை கோகோ பவுடரும் கலந்தோம். அசல் ரத்தம்! 1960-ல் வந்த 'சைக்கோ' கறுப்பு வெள்ளைப் படம் என்பதால், அதில் ரத்தத்துக்குச் சாக்லேட் பாகையே பயன்படுத்தினார்களாம். எங்கள் பாகுக்கு மறுநாள் காலை எறும்புப் படையே வந்துவிட்டது. ஈரத்துணியால் உடனே துடைத்திருக்க வேண்டும்.

"ஆரத்தி கரைச்சா சிவப்பாத்தானே இருக்கும்?" என்று மாடி அக்கா யோசனை சொன்னார். அதை மட்டும் செய்யாதீர்கள். அதில் இருப்பது சுண்ணாம்பு. கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

எல்லா விளக்கையும் அணைத்தால் செல்போனில் வெறும் புள்ளி புள்ளியாகத்தான் விழுகிறது. பக்கத்து அறையில் ஒரு சின்ன பல்பை எரியவிட்டு, கதவை ஒருக்களித்து வைத்தால் போதும். முகத்துக்குக் கீழேயிருந்து டார்ச் அடித்தால் அவரவர் முகமே அவரவருக்குப் பயம்! மெழுகுவத்தி வேண்டாம் என்று முடிவு செய்தோம். விரித்த கூந்தலும் நைலக்ஸ் புடவையும் நெருப்புக்குப் பக்கத்தில் போகலாமா?

எங்கள் ஊஞ்சல் சங்கிலி 'கிரீச், கிரீச்' என்று கத்தும். பின்னணி இசையே தேவைப்படவில்லை. எண்ணெய் விட வந்த என் கணவரிடம், "படம் முடியற வரைக்கும் அந்தப் பக்கமே வராதீங்க!" என்று எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடுங்கி வைத்தேன்.

இரண்டாம் நாள் ராத்திரிதான் அது நடந்தது.

தங்கையின் நாலு வயதுப் பெண்ணைப் பாட்டி தூங்க வைத்திருந்தார். நடுவில் விழித்து, "அம்மா எங்கே?" என்று அழவே, அவர் எங்கள் வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டார். முகமெல்லாம் மாவும், கண்ணைச் சுற்றி மையும், விரித்த கூந்தலுமாக ஊஞ்சலில் இருந்தாள் தங்கை. குழந்தையின் குரல் கேட்டதும் தன் வேஷத்தை மறந்து, "வாடா கண்ணு!" என்று இரண்டு கையையும் நீட்டினாள்.

குழந்தை போட்ட அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது.

முகத்தைக் கழுவிக்கொண்டு ஓடியும், அம்மாவிடம் அது வரவில்லை. "நீ அம்மா இல்ல" என்று பாட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. மூன்று நாள் பாட்டி கையால்தான் சோறு, பாட்டி பக்கத்தில்தான் தூக்கம்.

"அக்கா, நான் பெத்த குழந்தை என்னைப் பார்த்து ஒதுங்குது. எனக்கு இந்தப் படமும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று என் சமையலறையில் உட்கார்ந்து தங்கை அழுதபோது எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. வற்புறுத்தியவள் நானல்லவா? படத்தை நிறுத்திவிட்டோம்.

"பேயெல்லாம் கிடையாதும்மா" என்று ஆளுக்கு ஆள் சொல்லிப் பார்த்தோம். பலனில்லை. கடைசியில் குழந்தை டாக்டரிடம் போனோம். அவர் பொறுமையாக விளக்கினார். இந்த வயதில் கண்ணுக்குத் தெரிவதுதான் நிஜம்; முகம் மாறினால் ஆளே மாறிவிட்டதாகத்தான் குழந்தை நினைக்கும். எனவே வாதாட வேண்டாம், கேலி செய்ய வேண்டாம், அம்மாவிடம் போகச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம். அணைத்துக்கொள்ளுங்கள், ராத்திரியில் சின்ன விளக்கு எரியட்டும். கொஞ்சம் தெளிந்ததும், பகலில், வேஷம் போடுவதை மெதுவாகக் காட்டுங்கள். வாரக் கணக்கில் தூக்கமும் சாப்பாடும் கெட்டால் மறுபடி அழைத்து வாருங்கள் என்றார்.

இதைக் கேட்ட என் மகள் ஒரு தகவல் சொன்னாள். அமெரிக்காவில் ஃப்ரெட் ராஜர்ஸ் என்பவர் குழந்தைகளுக்காகத் தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்தினார். 'ஹல்க்' என்ற பச்சை அரக்கனைப் பார்த்துக் குழந்தைகள் பயப்படுவதை அறிந்து, அந்த வேஷம் போடும் லூ ஃபெரிக்னோவுக்குப் பச்சை வர்ணம் பூசுவதையே 1980-ல் தம் நிகழ்ச்சியில் காட்டினாராம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, நல்ல வெயிலில், வாசலில் உட்கார்ந்தோம். குழந்தை பாட்டி மடியில். முதலில் பொம்மையின் மூக்கில் ஒரு பொட்டு மாவு. அப்புறம் பாட்டி மூக்கில். பிறகு தங்கை தன் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்துக்கொண்டு, வழக்கம்போல் பேசிக்கொண்டே இருந்தாள். மெல்ல மெல்ல ஒரு பக்கக் கன்னம் மட்டும் வெள்ளையானது. குழந்தை வெள்ளைப் பக்கத்தைப் பார்க்கும், மறுபக்கத்தைப் பார்க்கும். கொஞ்ச நேரம் கழித்து, ஈரத்துண்டை எடுத்துத் தானே துடைத்தது. துடைக்கத் துடைக்க அம்மா வந்தாள்!

"அம்மாதான்" என்று சொல்லிவிட்டு மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. நாங்கள் யாருமே பேசவில்லை.

அன்று ராத்திரி அம்மாவிடம்தான் படுத்தது. ஆனாலும் பத்து நாள் வரை, தூங்குமுன் அம்மாவின் முகத்தைக் கையால் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்ளுமாம்.

மீதிக் காட்சிகளை, குழந்தை எல்.கே.ஜி. போயிருக்கும் பகல் வேளையில், ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டி எடுத்து முடித்தோம். பொங்கலன்று படம் போடுமுன், சின்னக் குழந்தைகளையெல்லாம் அடுத்த ஹாலில் பலூன் விளையாட்டுக்கு அனுப்பிவிட்டோம்.

இருட்டில் ஊஞ்சல் கிரீச்சிட்டது. பேய் மெல்லத் திரும்பியது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. எப்படித் தப்பி வந்ததோ, வாசற்படியிலிருந்து ஒரு குரல்:

"அது பேய் இல்ல, எங்கம்மா! நான்தான் மூஞ்சியைத் துடைச்சு விட்டேன்!"

அப்புறம் யார் பயப்படுவார்கள்? சிரித்த சிரிப்பில் படத்தின் முடிவு யாருக்குமே கேட்கவில்லை. தங்கைதான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தாள்.

சகோதரிகளே, நீங்களும் சிநேகிதிகளோடு ஒரு படம் எடுத்துப் பாருங்கள். பேய்ப் படமாகவே இருக்கட்டும். ஆனால் மாவைக் குழைக்குமுன், வீட்டிலுள்ள குட்டிகள் எங்கே என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை என் கணவர் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து நின்றார். இந்தத் தடவை நான் தடுக்கவில்லை!